நானூற்றுப் பன்னிரண்டு இருமல்

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவருக்கு அந்த ஜன்னலில் இருபத்திரண்டு வருஷம். தொற்று பரவிய மூன்றாம் வாரம் அவருக்கு ஓர் உத்தரவு வந்தது: யார் வந்தாலும் விலாச அட்டை கேட்காமல் சீட்டு கொடு. கொடுத்தார். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. தொற்று அடங்கியதும் உத்தரவு சுருங்கியது: இருமல் உள்ளவர்களுக்கு மட்டும் அட்டை வேண்டாம்.

மறுநாளே ஒரு சித்தாள் வந்து நின்றாள். கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கேதான் அவளுக்கு வீடு. விலாசம் மூன்று மாதம் தாங்காது. இன்சுலின் அன்று காலையோடு தீர்ந்திருந்தது.

“இருமல் இருக்காக்கா?”

“இல்லண்ணே. சக்கரைதான்.”

“கொஞ்சங்கூடவா?”

“இல்லாததை எப்படிண்ணே சொல்றது?”

“நீங்க சொல்ல வேணாம். நான் எழுதிக்கிறேன்.”

எழுதினார். கை பழகிவிட்டது. அட்டையில்லாத மூட்டுவலி, கர்ப்பம், நாய்க்கடி எல்லாமே இருமலாயின. டாக்டர் சீட்டைப் பார்ப்பார், கடிபட்ட காலைப் பார்ப்பார், நாய்க்கடி ஊசியே எழுதுவார். மாதக் கடைசியில் இருமல் நானூற்றுப் பன்னிரண்டு. அறிக்கை மேலே போனது. மேலேயிருந்து கவச உடையோடு ஒரு வண்டி ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

அவர்களை அழைத்துவந்த அதிகாரியம்மா நோயாளிகளுக்கு நடுவே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்தவர்களில் ஒருவர் மட்டும் இருமினார். அதிகாரியம்மா எழுந்து ஜன்னலுக்கு வந்தார். அங்கே அடுத்த மாத மருந்துக்காகச் சித்தாள் நின்றிருந்தாள்.

“இதுல யாருக்குய்யா இருமல்?”

“யாருக்கும் இல்ல மேடம்.”

“தெரிஞ்சேவா எழுதினீங்க? வேலை போயிடும்.”

“போகும் மேடம். தொற்று வந்த முதல் ரெண்டு வாரம் அட்டை இல்லாதவங்கள நான்தான் திருப்பி அனுப்பினேன். அப்புறம் ஸ்ட்ரெச்சர்ல வந்தாங்க. பின்னாடியே அவங்க தெருவும் வந்துச்சு.”

அதிகாரியம்மா சித்தாளைப் பார்த்தார். “இவங்களுக்குச் சீட்டு குடுத்தாச்சா?”

“நீங்க சொல்றதுக்குத்தான் காத்திருக்கேன்.”

அதிகாரியம்மா நின்றபடியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இத்தனை இருமல் எப்படி வந்துச்சுன்னு விசாரிக்கணும். விசாரணை முடியற வரைக்கும் எந்த நோய்க்கும் அட்டை கேக்கக்கூடாது. உங்களுக்கு மெமோ வரும், பதில் எழுதுங்க.”

“எத்தனை நாள்ல முடியும் மேடம்?”

“நானேதான் விசாரிக்கப் போறேன். ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் ஒம்பது வருஷம் இருக்கு.”

சித்தாள் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வரிசைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள்.