லண்டன் புயல் வெல்ல வேண்டும்

ஜனவரி மாதத்தில் மொன்றியலில் மழை தூறினால் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்கிறவர் தியாகலிங்கம். டோர்வல் விமான நிலையத்தில் வெட்டவெளியில் நின்று பெட்டி ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர். மற்றவர்கள் வீடு வாங்கியதையும் பிள்ளை பட்டம் பெற்றதையும் சொல்லிப் பெருமைப்படுவார்கள். அவருக்குப் பெருமை, தான் நின்று சமாளித்த குளிர்கள்தான். மூக்குமயிர் கம்பியாக நிமிர்ந்த குளிர், கண்ணிமை ஒட்டிக்கொண்ட குளிர், துப்பினால் நிலத்தில் விழுமுன் கல்லான குளிர். கடைசிக் குளிரை அவருடைய மனைவி பாலாம்பிகை நம்புவதில்லை.

அதனால்தான் அந்த ஞாயிறு காலை மகள் தனுஷா அவரைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“அப்பா, என்ர தலையில கையை வையுங்கோ.”

“என்னத்துக்குப் பிள்ளை?”

“இண்டைக்குக் குளிரைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ.”

தியாகலிங்கம் திகைத்துப்போனார். “ஆக்கள் பின்னேரம் மட்டும் இருப்பினமல்லோ. அப்ப நான் என்னத்தைத்தான் கதைக்கிறது?”

“உங்கட பிரஷரைப் பற்றிக் கதையுங்கோ.”

வருகிற ஆட்கள் சாதாரண ஆட்கள் அல்ல. லண்டனில் இருந்து ஜெராட்டும் அவனுடைய தாய் தகப்பனும். ரொறன்ரோவில் ஒரு சிநேகிதியின் கலியாணத்தில் ஜெராட்டைக் கண்டு இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து தனுஷாவின் போன் சூடு ஆறவில்லை. இரு வீட்டுக்கும் சம்மதம். ஜெராட்டின் அப்பா ஞானேந்திரன் மட்டக்களப்புச் சைவர், அம்மா றோசலின் திருகோணமலைக் கத்தோலிக்கர். கோயிலிலும் தாலி, சேர்ச்சிலும் மோதிரம் என்று அதுகூட ஒரே தொலைபேசி அழைப்பில் முடிந்துவிட்டது. தட்டி நின்றது ஒன்றே ஒன்று: கலியாணம் முடிந்து எங்கே இருப்பது?

ஜெராட்டுக்கு மொன்றியலில் கணினி விளையாட்டுச் செய்கிற இடமொன்றில் வேலை கிடைத்திருந்தது. தனுஷா வில்லரேயில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் பார்க்கிறாள். வேலை இப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. அவளைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிப்பிடிக்கிற அந்தக் குஞ்சுகளை விட்டுவிட்டு லண்டனுக்குப் போவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஆனால் றோசலின் தொலைபேசியில் அழுதிருந்தார். “இருக்கிறது ஒரு பிள்ளை. அதைக் கொண்டுபோய் ஐஸ்பெட்டிக்குள்ள வைச்சிட்டு நான் லண்டனில எப்பிடிச் சோறு தின்னுறது? நேரில வந்து பாக்கிறன். பாத்துட்டுத்தான் சொல்லுவன்.”

“அம்மா வேண்டாம் எண்டா?” என்று தனுஷா கேட்டிருந்தாள்.

“அவ அழுதா நான் முடிஞ்சன், தனு,” என்றான் ஜெராட். மறைக்கத் தெரியாத பையன்.

ஆகவே எல்லாம் அன்றைய மதியச் சாப்பாட்டில்தான் முடிவாக வேண்டும். தனுஷாவின் அதிர்ஷ்டத்துக்கு வானமும் ஒத்துழைத்தது. முந்தைய வாரம் முழுவதும் உறைந்து கிடந்த நகரம் அன்று இளகி, பனியெல்லாம் கரைந்து, மென்மழை தூறியது. வானத்துக்கு முத்தம் கொடுக்கலாம்போல் இருந்தது அவளுக்கு.

விருந்தாளிகள் வந்து சப்பாத்துக் கழற்றினார்கள். ஞானேந்திரன் பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். கோட்டைக் கழற்றி, அதற்குள் இருந்த இன்னொரு கோட்டையும் கழற்றி, நெற்றியைத் துடைத்தார்.

“தம்பி, இதுதானோ உங்கட பேர்போன குளிர்? உள்ளுக்கு மூண்டு பெனியன் போட்டு வந்த மனுசன் நான். வேர்த்து ஊத்துது!”

தியாகலிங்கத்தின் தாடை அசைந்தது. மகளைப் பார்த்தார். “ஓம் அண்ணை,” என்றார். பிறகு, “எனக்குக் கொஞ்சம் பிரஷர் இருக்குது,” என்றார்.

பாவம், முயன்றார். பிரஷரிலிருந்து கொலஸ்ட்ரோலுக்குப் போனார். கொலஸ்ட்ரோலிலிருந்து முழங்காலுக்கு வந்தார். முழங்காலும் முடிந்தபோது ஞானேந்திரன் யன்னலால் எட்டிப் பார்த்து, “எங்கட லண்டன் வெம்பிளியிலயும் இப்பிடித்தான் தூறும்,” என்றார்.

வெம்பிளி! அந்தச் சொல்லில் சத்தியம் உடைந்தது.

“அண்ணை, இது குளிரே இல்லை,” என்று தியாகலிங்கம் கதிரையின் நுனிக்கு வந்தார். “நீங்கள் தொண்ணூற்றெட்டு ஐஸ்மழையைப் பாத்திருக்க வேணும். ஐஞ்சு நாளாக் கொட்டினது. மரமெல்லாம் கண்ணாடி. கரண்ட் கம்பி என்ர கைமொத்தத்துக்கு ஐஸ் பிடிச்சு, இரும்புக் கோபுரமெல்லாம் முழங்கால் மடிச்சு விழுந்தது. வீட்டுக்குள்ள கோட்டுப் போட்டுக்கொண்டு படுத்தனாங்கள். காலமை எழும்பினா மீசையில...”

தனுஷா மீசையைப் பார்க்கவில்லை. றோசலினின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தக் கை மகனின் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, கடைசியில் அவன் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“அப்ப கரண்ட் நிண்டா இஞ்ச என்ன செய்யிறது?” என்று றோசலின் மெல்லக் கேட்டார்.

“என்ன செய்யிறதோ?” தியாகலிங்கம் மலர்ந்தார். “தங்கச்சி, சாகாமல் இருக்கிறதே பெரிய...”

“இஞ்சருங்கோ, ரோல்ஸ் ஆறுது,” என்று பாலாம்பிகை ஒரு முழு ரோல்ஸை அவர் வாய்க்குள் வைத்தார்.

அந்த ரோல்ஸ் மெல்லப்படும் நேரத்துக்குள் தனுஷாவுக்கு மூளை மின்னியது. அப்பாவின் வாயை அடைத்து வெல்ல முடியாது. வீட்டில் அத்தனை ரோல்ஸ் இல்லை. குளிர்ப்போட்டி என்று ஒன்று தொடங்கிவிட்டது. அதில் அப்பா வென்றால் அவள் தோற்றாள். அப்பா தோற்க வேண்டும். லண்டன் வெல்ல வேண்டும்! இதுவரை உலகத்தில் யாரும் இங்கிலாந்தின் காலநிலைக்காக இப்படி நேர்த்தி வைத்திருக்க மாட்டார்கள்.

“மாமா,” என்றாள், குரலில் தேன் வடிய. “எண்பத்தேழில லண்டனில ஒரு புயல் அடிச்சதாமே?”

அந்தக் கதையைப் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த ஜெராட், நஞ்சு குடிக்கச் சொன்னதுபோல் அவளைப் பார்த்தான். பிறகு அவனுக்கும் மின்னியது. “சொல்லுங்கோ அப்பா,” என்றான். வாழ்க்கையில் முதல் தடவை.

ஞானேந்திரன் கோப்பையைக் கீழே வைத்தார். மகனே கேட்கிறானே!

“அது ஒக்டோபர், கிளி. நான் போய் ஒரு வருசமும் ஆகேல்ல. டூட்டிங்கில ஒரு அறை, ஆறு பொடியன்கள், எல்லாம் மட்டக்களப்பு. நடுச்சாமத்தில ‘ஊ’ எண்டு ஒரு சத்தம். எங்களுக்குச் சத்தமெண்டா ஒண்டுதானே தெரியும்? குண்டு போடுற ஹெலி எண்டு நினைச்சு ஆறு பேரும் ஒரு கட்டிலுக்குக் கீழ. ஒற்றைக் கட்டில்! தலையெல்லாம் உள்ளுக்கு, காலெல்லாம் வெளியில.”

பாலாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டார்.

“விடிய வெளியில வந்து பாத்தா ரோட்டைக் காணேல்ல. மரம், மரம், மரம். கார்களுக்கு மேல மரம். பக்கத்து வீட்டுச் சிம்னி எங்கட வாசலில குந்திக்கொண்டிருக்குது. வெள்ளைக்காரன் எல்லாம் பைஜாமாவோட நிண்டு அழுறான். நாங்க ஆளை ஆள் பாத்தம். இவன் ஏன் அழுறான்? ஐப்பசி பிறக்கப் போகுது, காத்து வரத்தானே வேணும்? நான் எழுபத்தெட்டுச் சூறாவளியில தென்னை பறந்ததைப் பாத்தவன். இந்த நாட்டிலயும் வருசா வருசம் இப்பிடித்தானாக்கும் எண்டு, பல்லைத் தீட்டிப்போட்டு வேலைக்கு வெளிக்கிட்டுட்டன்.”

“வேலைக்கோ?” என்றார் தியாகலிங்கம், தன்னை மறந்து.

“பஸ் இல்ல, றெயில் இல்ல. மரங்களுக்கு மேலால ஏறி இறங்கிக் குரொய்டன் மட்டும் நடை. நான் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்குப் போனா அங்க கூரையே இல்ல. அது ரோட்டுக்கு அங்கால படுத்திருக்குது. முதலாளி தலையில கை வைச்சு நிக்கிறார். நான் போய் ‘குட் மோர்னிங், லேட்டாப் போச்சு, சொறி’ எண்டன். அந்த மனுசன் என்னைக் கட்டிப்பிடிச்சு ஒரே அழுகை!”

தனுஷாவுக்குச் சிரிப்பு வயிற்றில் இருந்து சோடாப் போத்தல்போல் பொங்கியது. கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

“மறுகா அடுத்த ஒக்டோபர் வந்துதே. நான் முழு ஆயத்தம். மெழுகுதிரி, கயிறு, அரிசி, கருவாடு. ஒவ்வொரு ராவும் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறன். ஒரு இலை விழுந்துது. அவ்வளவுதான்!”

“மரம் விழுறதெல்லாம் ஒரு...” என்று தியாகலிங்கம் தொடங்கினார். ரோல்ஸ் பறந்து வந்தது. பாலாம்பிகையின் குறி அன்று தப்பவேயில்லை.

ஞானேந்திரன் இனி நிற்கிற ஆள் இல்லை. தொண்ணூறில் பட்டப்பகலில் அடித்த காற்றில் தன் குடை கையை விட்டுப் போய் இரட்டைமாடி பஸ்ஸின் மேல்மாடியில் ஏறிக்கொண்டதையும், தொண்ணூற்றொன்றில் பனி கொட்டி றெயில்கள் நடுவழியில் நின்றபோது முன்பின் தெரியாத கிழவி ஒருத்தி தன் தோளில் விடியவிடியக் குறட்டை விட்டதையும் சொன்னார். ஒரு ஒக்டோபரில் சூரியன் நடுப்பகலில் குங்குமமாகச் சிவந்து நின்றதைச் சொன்னபோது எழும்பியே நின்றுவிட்டார்.

“அதெல்லாம் சரி,” என்றார் றோசலின். குரல் தணிந்துதான் இருந்தது, ஆனாலும் தனுஷாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. “புயல் ஒரு நாளைக்குத்தானே. இஞ்சத்தைக் குளிர் ஆறு மாசமல்லோ.”

பாலாம்பிகையின் கையில் ஒரு ரோல்ஸ் திசை தெரியாமல் நின்றது.

“அம்மா,” என்றான் ஜெராட். “அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினீங்களே.”

றோசலின் மகனைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறிப்போயிற்று.

“எங்கட வீடு அப்ப கென்சல் றைஸ் பக்கம்,” என்று பாலாம்பிகையிடம் சொன்னார். “டிசம்பர் மாசம், காலமை. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறன் அக்கா. தண்டவாளமே இல்லாத பக்கத்தால ஒரு றெயில் வாற சத்தம் கேக்குது. நிமிந்து பாத்தா குப்பைத்தொட்டி யன்னலுக்கு நேர பறந்து போகுது. தேத்தண்ணி ஆத்துற நேரம்கூட இல்ல. வெளியில வந்தா முன்வீட்டுக்காரிக்குக் கூரை இல்ல. அவ குளியலறையில துவாயோட நிக்கிறா, ரோட்டுக்கே தெரியுது! சுழல்காத்து அக்கா. லண்டனில சுழல்காத்து! அமெரிக்காவில மாடு பறக்குமே, அது! ஒரு காலில செருப்போட பள்ளிக்கூடத்துக்கு ஓடினன்.”

“எனக்கு எட்டு வயசு,” என்றான் ஜெராட். “படம் கீறிக்கொண்டு இருந்தனான். அம்மா என்னைத் தோளில தூக்கிப் போட்டா. முழு வகுப்பும் சிரிச்சது. பள்ளிக்கூடத்தில ஒரு இலைகூட அசையேல்ல.”

“சிரிப்பாய் நீ. முதல்நாள் ரீவியில என்ன சொன்னவங்கள்? கொஞ்சம் காத்து, கொஞ்சம் மழை. அவ்வளவுதான் சொன்னவங்கள்!” றோசலினுக்கு வேகம் பிடித்தது. “பேந்து அந்த நாற்பது பாகை வெயில். வீட்டில ஒரு ஃபான் இல்ல, நிலமெல்லாம் கம்பளி. இவர் வாளித் தண்ணிக்குள்ள காலை வைச்சபடி நித்திரை. மாதாவுக்கு முன்னால நான் வைச்ச மெழுகுதிரி, கொளுத்தவே இல்ல அக்கா, தானா வளைஞ்சு கும்பிட்டது. அந்த ஊரில எந்த நாள் என்ன வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

சட்டென்று தியாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, நீங்க சொல்லுங்கோ. இஞ்ச குளிர் வரமுதல் சொல்லுவாங்களோ?”

தியாகலிங்கத்தின் வாயில் ரோல்ஸ் இருந்தது. மெதுவாக விழுங்கினார். அந்த விழுங்கல் முடியும்வரை வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. அவரிடம் இருந்த அத்தனை குளிரும் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நிற்பது தனுஷாவுக்குத் தெரிந்தது. அவர் றோசலினைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சைகை காட்டவில்லை. கண்கள் மட்டும் நிறைந்திருந்தன.

“சொல்லுவினம் தங்கச்சி,” என்றார். “ஒரு கிழமைக்கு முதலே சொல்லுவினம். சொன்ன நாளுக்கு வரும். கோட்டைப் போட்டா... கோட்டைப் போட்டாச் சரி.”

பாலாம்பிகை சுவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்த வசனத்தை அவர் கேட்டதில்லை.

“அப்ப அந்த ஐஸ்மழை?”

“அது ஒருக்கா வந்தது. உங்கட லண்டன் காத்துக்கு முன்னால...” தியாகலிங்கம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். “அது சின்னப்பிள்ளை விளையாட்டு.”

“கேட்டியே றோஸி!” ஞானேந்திரன் தொடையில் அடித்தார். “கனடாக்காரனே ஒத்துக்கொண்டுட்டார்!”

“கேட்டன். அப்ப பிள்ளை இஞ்சையே இருக்கட்டும்,” என்றார் றோசலின்.

ஞானேந்திரனின் கை தொடையிலேயே நின்றுவிட்டது. மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். வெற்றி முகத்தில் இருந்து மெல்ல இறங்கியது. “அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆருக்காகக் கதைச்சன்?”

ஒரு கணம்தான். பிறகு முதலில் வெடித்துச் சிரித்தவரும் அவரே. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்தது சிரிப்புக்கு வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடத்தான். தனுஷா போய் அவர் பக்கத்தில் குந்தினாள். அவர் கையைப் பிடித்தாள். அவர் அவள் தலையைத் தடவி, “கெட்டிக்காரி நீ,” என்றார். “புயலைப் பற்றிக் கேக்கக்குள்ளயே நான் யோசிச்சிருக்க வேணும்.”

“வாங்கோ அண்ணை,” என்றார் தியாகலிங்கம் கோட்டை எடுத்தபடி. “ஒரு நடை நடந்துட்டு வருவம்.”

றோசலின் அதற்குள் பாலாம்பிகையிடம் பனிச்சப்பாத்து எங்கே நல்லது வாங்கலாம், மகனுக்குக் கம்பளிக் காலுறை எத்தனை சோடி வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஜெராட் தனுஷாவின் காதில், “எனக்கு இனி என்ன வேணுமெண்டாலும் நீ அப்பாவைக் கேள்,” என்றான். அவள் அவன் தோளில் குத்திவிட்டு யன்னலுக்கு ஓடினாள்.

கீழே தூறலில் இரண்டு தகப்பன்மாரும் குடையில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஞானேந்திரன் ஒரு கையைத் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினார், குப்பைத்தொட்டி பறக்கிறதாக்கும். தியாகலிங்கம் நடுத்தெருவில் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து, ஐஸ் எவ்வளவு மொத்தம் என்று அளந்து காட்டினார். கைமொத்தம் இப்போது மரமொத்தமாகியிருந்தது. மூக்கில் தொட்டார், மீசையில் தொட்டார், நிலத்தில் துப்பிக் காட்டினார்.

தனுஷா யன்னலில் தட்டவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, கண்ணாடி நடுங்கச் சிரித்தாள்.