பயந்தாங்கொள்ளி கேப்டன்

அந்தப் பழைய விண்கப்பல் டிவி தொடரை மறுபடி எடுத்திருக்கிறார்களே என்று லிஃப்ட் மெக்கானிக்கிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தொலைந்தார்கள். அன்று மதியம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டே வாயைக் கொடுத்தவன் அவருடைய மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. இவரை நம்பித்தான் இந்த வேலைக்கே அவனை அனுப்பியிருந்தாள்.

“புது கேப்டனும் பரவாயில்லையே மாமா?”

“என்னத்தப் பரவாயில்ல? எரியுற கப்பலுக்குள்ள போறதுக்கு முன்னாடி ‘பத்திரமா, பத்திரமா’ன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்கிறான். அவனெல்லாம் ஹீரோவாடா? பழைய கேப்டன் யாரையாவது கேட்டானா? குதிச்சான்! மந்திரக் கதையில வாள் வச்சிருக்குற ராஜகுமாரனும் அப்படித்தான். யோசிக்கிறவன் பேசாம வீட்டுல இருக்கணும்.”

மச்சினன் சிரித்தான், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. பூட்டைப் பூட்டியபின் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன் அவன். அதற்காகவே “புது கேப்டன்” என்று பட்டம் கட்டி, மற்ற மெக்கானிக்குகள் முன்னால் அவன் மானத்தை வாங்கியிருந்தார் மாமா.

அவர்கள் தொழிலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. லிஃப்ட் பெட்டிக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மாடி மோட்டார் அறைக்குப் போய், மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

“நான் குழியைப் பாக்குறேன் மாமா” என்று மச்சினன் எழுந்தான். காலையிலேயே பூட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, மோட்டாருக்கு எண்ணெய் விட இவர் படியேறினார்.

மோட்டார் அறையில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பூட்டைக் காணோம்.

கம்பிக்கயிறு இறங்கும் ஓட்டை வழியாக, எங்கோ ஆழத்திலிருந்து குரல் வந்தது.

“மாமா! யாரையும் கேக்கல, குதிச்சிட்டேன்! இப்ப நான் பழைய கேப்டன்தானே?”

“ஏறுடா வெளியே!” என்று அலறினார். அதற்குள் எந்தத் தளத்திலோ யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள். மோட்டார் உறுமியது, லிஃப்ட் பெட்டியோடு கயிறு சரசரவென்று கீழே ஓடியது. பாய்ந்துபோய் சுவிட்சை இழுத்தார். கயிறு அதிர்ந்து நின்றது.

கீழே சத்தமே இல்லை.

எண்ணெய்த் தரையில் குப்புற விழுந்து ஓட்டையில் வாயை வைத்தார்.

“மாப்ள, பத்திரமா?”

காதை ஓட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கத்தினார்.

“டேய், பத்திரமாடா? சொல்லுடா, பத்திரமா?”

கேட்டுக்கொண்டே இருந்தார்.