பத்தில் எட்டுப் பேர்

லோயிஸின் கை விறைக்கத் தொடங்கியிருந்தது. அதை ஜாக்கெட்டுக்குள் நுழைக்க முடியாமல் தபீதாள் திணறினாள். அவளுடைய வலது கையோ தோளுக்கு மேல் எழும்பாது. ஐந்து வருடம் முன்பு வேலூரில் புற்றுநோய்க்காக மார்போடு அக்குள் நெறிக்கட்டிகளையும் வழித்து எடுத்ததிலிருந்து அது வீங்கியே கிடக்கிறது. கடைசியில் ஜாக்கெட்டின் முதுகைக் கத்தரித்துத்தான் தங்கச்சிக்குப் போட்டுவிட்டாள். மேலே வெள்ளைப் புடவை. சவப்பெட்டியில் வைக்கும்போது உடுத்தவென்று தபீதாள் தனக்காக எடுத்து வைத்திருந்த புடவை அது.

"குத்துக்கல்லாட்டம் நான் இருக்கசொல்ல, நீ கட்டிக்கினு போறியேடி. இது இன்னாடி நியாயம்?"

எழுபத்து மூன்றாம் வருடம் டாக்டர் தபீதாளிடம் எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது ஸ்டேஜ், பத்தில் மூன்று பேர்தான் ஐந்து வருடம் தாண்டுவார்கள் என்றார். அந்த மூவரில் தானும் ஒருத்தியாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. சித்தூருக்குத் திரும்பிய அதே வாரம், இரண்டு வயது மகள் ஞானமணியைத் தூக்கிக்கொண்டு பாகாலா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து, பிள்ளையில்லாத தங்கச்சியின் மடியில் வைத்தாள். சர்ச் ஐயரைக் கூப்பிட்டு, ஜெபம் பண்ணி ஒப்படைத்தாள். "உன்னையே அம்மான்னு கூப்பிடட்டும். நான் போறசொல்ல அதுக்குத் தெரியவே கூடாது" என்றாள். அதற்குப் பிறகு வந்தாலும் ஒரு மணி நேரம்தான். குழந்தையை மடியில் ஏற்றிக்கொள்ள மாட்டாள், பழகிவிடுமே என்று பயம். ஞானமணி அவளைப் பெரியம்மா என்றது.

வருடங்கள் போயின. தபீதாள் சாகவில்லை.

இரண்டு வருடம் முன்பு லோயிஸுக்கும் கட்டி வந்தது. சுண்டைக்காய் அளவுதான். அக்குளில் ஒன்றுமில்லை. முதல் ஸ்டேஜ், பத்தில் எட்டுப் பேர் பிழைத்துக்கொள்வார்கள். ஸ்தோத்திர ஜெபம் வைத்து ஊருக்கெல்லாம் கேசரி கொடுத்தார்கள். போன கிறிஸ்துமஸுக்கு முதுகு வலிக்கிறது என்றாள். எலும்புக்குப் பரவியிருந்தது. இன்று விடியும் நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

"எங்க தப்பு நடந்துச்சுன்னு டாக்டரக் கேட்டேங்க்கா," என்றான் லோயிஸின் புருஷன் எர்னஸ்ட், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு. "தப்பே இல்லன்றாரு. பத்துல எட்டுன்றது இப்பவும் சரிதானாம். அந்த எட்டுல யாரு, மிச்ச ரெண்டுல யாருன்னு ஸ்டேஜ் சொல்லாதாம். எனக்கு ஒண்ணும் புரியல."

தபீதாளுக்கும் புரியவில்லை. கணக்கு சரியென்றால் லோயிஸ் ஏன் இப்படிக் கிடக்கிறாள்? கணக்கு இவ்வளவுதான் என்றால் பெற்ற பிள்ளையை எதை நம்பித் தூக்கிக் கொடுத்தோம்? யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் கத்தரிக்கோலை மூலையில் விட்டெறிந்தாள்.

பத்து மணிக்கு ஐயர் வந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். கல்லறையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டும் என்று நோட்டைப் பிரித்தார். பிறந்தது, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எர்னஸ்ட் சொன்னான்.

"பிள்ளைங்க?"

எர்னஸ்ட் தபீதாளைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த அவள் புருஷன் இயேசுதாசன் குனிந்து அவள் காதில் சொன்னார்: "நம்ம கொழந்த, தபீ. இப்பவாவது வாயத் தொறந்து சொல்லு. வூட்டுக்குக் கூட்டிக்கினு போலாம்."

"கூட்டிக்கினு போயி? நாளைக்கே எனக்குத் திரும்பி வந்துச்சுனா? ஒரு கொழந்த எத்தினி தாயப் பொதைக்கும்?"

"வராமப் போச்சுனா?"

ஐயர் பேனாவோடு காத்திருந்தார்.

"எழுதுங்க ஐயா. ஒரே மக. ஞானமணி."

இயேசுதாசன் எழுந்து வெளியே போய்விட்டார்.

பெட்டியை மூடுமுன் ஐயர், "மகள் வாங்க," என்றார். ஞானமணி லோயிஸின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திரும்மா, எழுந்திரும்மா," என்று வீடே அதிர அழுதது. தபீதாள் ஓரடி முன்னால் வந்து நின்றாள். ஐயோ, என் பிள்ளை. கூடவே, இது எனக்காக அழ வேண்டிய அழுகை என்று ஒரு பொறாமையும் வந்தது. செத்துக் கிடக்கிறவள் மேல் பொறாமையா, சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கல்லறையிலிருந்து வந்ததும் எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஞானமணி ஈரத்தலையோடு சீப்பும் ரிப்பனும் எடுத்து வந்து தபீதாள் முன்னால் தரையில் உட்கார்ந்தது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவள் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, அம்மாக்கு ஒண்ணாவது ஸ்டேஜ்தான?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நைனா சொல்லிக்கினு இருந்தாரு. உங்களுக்கு எத்தினி?"

"மூணு."

"மூணுதான பெரிசு?"

"ஆமா."

"அப்போ நீங்கதான மொதல்ல..."

"ஆமாண்டி கண்ணு. எனக்கும் அதான் புரியல."

பின்னி முடித்ததும் ஞானமணி கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தது.

"கோணலா கீது. அம்மா நேரா போடுவாங்க."

"நாளைக்கு நேரா போடறேன்."

"நாளைக்கு இருப்பீங்களா?"

வாசலில் இயேசுதாசன் செருப்பை மாட்டிக்கொண்டு, சித்தூர் வண்டிக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்.

"நீங்க போங்க," என்றாள் தபீதாள். பின்னலை அவிழ்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வகிடு எடுத்தாள்.