ஆக்காத கதிர்

பை அக்காவின் உள்ளங்கையில் முட்டையை வைத்தால் வெந்துவிடும். அரைவேக்காடு வேண்டுமென்பவர்கள் சற்று முன்னதாகவே வாங்கிக்கொள்வார்கள். அவள் கையில் தோல் சிவந்ததில்லை, கொப்புளம் கிளம்பியதில்லை; சூடெல்லாம் உள்ளேதான். முதலில் தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. பிறகு முட்டை வைத்திருந்தவர்கள் மட்டும் வந்தார்கள்.

அவள் வேலை பார்த்த பட்டறையில் மழைக்கோட்டும் பிளாஸ்டிக் பையும் ஒட்டுவார்கள். நெருப்பே கிடையாது. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தால், ரேடியோ அலை பாய்ந்து பிளாஸ்டிக் உருகி ஒட்டும். தட்டுகளைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருந்தது. மெஷினை மாட்ட வந்த இன்ஜினீயர் எல்லாரையும் நிற்கவைத்து, இது எக்ஸ்ரே மாதிரியான கதிர் அல்ல, அயனியாக்காத கதிர், ஆனாலும் உடம்பை உள்ளே சூடாக்கும், கூட்டைக் கழற்றாதீர்கள் என்றார். ‘ஆனாலும்’ என்பதற்குள் டீ வந்துவிட்டது. அயனி என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆக்காத என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

“சோறாக்கத் தெரியாத கதிராம்டி. இதுலயா நம்ம கை வேகப்போகுது?” என்றாள் பை அக்கா. பட்டறையே சிரித்தது. கூடு கைக்கு இடைஞ்சலாக இருந்ததால் அவளே கழற்றி மூலையில் சாய்த்தாள். முதலாளி அதைப் பார்த்தார், பைகள் மளமளவென்று குவிவதையும் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. மகராசன்.

அவள் மகளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. ஒரு நாள் தூக்கியபோது குழந்தை வீறிட்டது. இடுப்பில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “வெளிய ஒண்ணுமே இல்லையேம்மா” என்றார். அவள் வேலையை விட்டாள். சூடு அவளை விடவில்லை. குழந்தையை நாத்தனார் குளிப்பாட்டினாள், நாத்தனார் தலை வாரினாள், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும் நாத்தனார்தான். அவள் நல்லவள், அதனாலேயே பை அக்காவுக்கு அவளைக் கண்டால் வயிறெரிந்தது. இரவில் பை அக்கா நடுச்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அடுத்த அறையில் மகள் உருண்டு வந்து அந்த வெதுவெதுப்பில் கன்னத்தை ஒட்டித் தூங்குவாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, மகள் வளர்ந்தாள், வேறு வேலை எங்கும் கிடைக்காமல் அதே பட்டறைக்குப் போனாள்.

“அந்தக் கூட்டையாவது மாட்டச் சொல்லுடி.”

“அதை எப்பவோ எடைக்குப் போட்டுட்டாங்கம்மா.”

சில வருஷம் போயிற்று. ஒரு சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து கையை நீட்டினாள். “பிடிச்சுப் பாரும்மா.” பை அக்கா பழக்கத்தில் பின்வாங்கினாள். மகளே எட்டிப் பிடித்தாள். அலறவில்லை. சூடு சூட்டைச் சுடாது போலிருக்கிறது. பை அக்காவுக்கு விஷயம் புரிந்தது, நெஞ்சு வெடித்து அழுதாள். ஆனால் பிடித்த கையை விடவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மகளின் தலையை அவள்தான் வாரிவிட்டாள்.

இப்போது அந்த வீட்டில் ஒரே சமயத்தில் நான்கு முட்டை வேகும்.