மூன்றாம் தண்ணீர்

இன்னும் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இருமுகிற பிள்ளை என் பக்கத்தில் உட்காரட்டும். ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றிய கதை சொல்கிறேன்.

மானாம்பதியில் முத்துவேல் என்று ஓர் ஏர்க்காரன். ஏரி வறண்ட வருஷம் அவன் சளியில் ரத்தம் வந்தது. காசநோய். ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருஷம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

நாலாம் மாதமே இருமல் நின்றது. கன்னத்தில் சதை போட்டது. அவன் பெண்சாதி பவளத்துக்குத் தெரிந்த பெரிய நோய் அம்மை ஒன்றுதான். அம்மை இறங்கினால் வேப்பிலை, மஞ்சள் போட்டுத் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றுவோமே, மூன்றாவதோடு நோய் போயிற்று என்று அர்த்தம். புருஷனுக்கும் அப்படியே ஊற்றினாள். அதற்குமேல் மருந்து கொடுத்தால் ஆத்தாவுக்குக் கோபம் வருமாம். மிச்ச மாத்திரையை வேப்பமரத்தடியில் புதைத்தாள்.

மாத்திரை வாங்க ஆள் வரவில்லையே என்று சைக்கிளில் வந்தார், சுகாதார ஊழியர் அருள்தாஸ்.

"இன்னாம்மா பவளம், ஆளையே காணோம்?"

"தலைக்கு ஊத்திட்டேன் சார். நல்லா கீறாரு. அவரு துன்ற சோத்துக்கு எனக்குத்தான் பானையில ஒண்ணும் மிஞ்சல."

"ஏரி வத்தினப்போ மீனெல்லாம் அரிச்சுட்டீங்களே, மழை பேஞ்சா விரால் எங்கேருந்து வருது?"

"சேத்துக்குள்ள அசையாம படுத்துக்கினு இருக்கும் சார்."

"கிருமியும் அப்படித்தாம்மா. வளந்துக்கினு இருக்கறதை மருந்து கொன்னுடும். ஒண்ணு ரெண்டு மட்டும் தூங்கிக்கினு கெடக்கும், மருந்து அதை ஒண்ணும் பண்ணாது. அது எழுந்துக்கற நேரத்துல மருந்து உள்ள இருக்கணும்."

"ஊத்தின தண்ணிய திருப்பி எடுக்கச் சொல்றீங்களா?"

முத்துவேல் சிரித்தான். "போ சார், என்னைப் பாத்தா சீக்காளி மாதிரியா கீது?"

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. விரால் வந்தது. இருமலும் வந்தது. பவளம் ஓடிப்போய் மரத்தடியைத் தோண்டினாள். மாத்திரை மண்ணோடு கரைந்திருந்தது. மறுபடி ஊசி போட்டார்கள். பலிக்கவில்லை. தை பிறக்குமுன் போய்விட்டான். கிடத்திக் குளிப்பாட்டும்போது, "நாலாவது தண்ணி ஊத்தறேனே, சாமி" என்று அவள் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறு வருஷம் மகள் தேவகிக்கு அதே இருமல். நாலு மாதத்தில் அவளும் தேறினாள். "தண்ணி ஊத்தேன்டி" என்றது ஊர்.

"உள்ள ஒண்ணு தூங்கிக்கினு கீது" என்றாள் பவளம். ஒன்றரை வருஷமும் தன் கையால் மாத்திரை கொடுத்தாள். கடைசி மாத்திரைக்கு மறுநாள்தான் முதல் தண்ணீர். மூன்றாம் தண்ணீரில் அரைச் சொம்பை ஏரிப்பக்கம் திரும்பி மண்ணில் விட்டாள். அது அவனுக்கு.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் மருந்து பாதியில் நிற்காமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் மூன்றாம் தண்ணீர் உரிய நாளில் விழட்டும். ஒரு தலையும் குறையாமல் எல்லோரும் பந்தியில் உட்காருங்கள்.