ஒரே பொடி, நான்கு நிறம்

பொடி பூசிய கண்ணாடித் துண்டு நீலமாக ஒளிர்ந்திருக்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் தணல் மாதிரி ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

"உங்க பொடியில கலப்படம்" என்றார் இயக்குநர். எடை குறைந்த சாமானைக் கடையில் திருப்பிக் கொடுப்பவரின் குரல் அது.

அவர் எதிரே நின்றவளுக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் 'பிளாட்டினம்' என்று பெயர். பிளாட்டினத்தைக் கரிமப் பொருளோடு பிணைத்து, மின்சாரம் பாய்ந்தால் ஒளிவிடும் பொடிகளைச் செய்வது அவள் வேலை. பெரிய திரைகளிலும் கைபேசிகளிலும் நிறம் காட்டப்போவது அந்தப் பொடிதான். இந்த நீலப் பொடிக்கு நான்கு மாதம் பாடுபட்டிருந்தாள். மூன்று முறை சுத்திகரித்து, இரண்டு கருவிகளில் சோதித்தும் இருந்தாள்.

"கலப்படம் இல்ல சார். கரைசலா வச்சுப் பார்த்தா சுத்தமான நீலம்."

"கரைசலை வச்சு யாரும் டிவி செய்றதில்ல. என்ன தப்பு நடந்ததுன்னு திங்கட்கிழமைக்குள்ள ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இதை மூட்டை கட்டிட்டு அடுத்ததைப் பார்ப்போம்."

அன்று மாலை வீட்டில் அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். எதிரே அவள் நாத்தனார், கைபேசி ஒன்றைப் பிரித்துப் பரப்பிவைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். திரை பழுதுபார்ப்பது அவள் தொழில். வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம்.

"பாருங்க அண்ணி. சிவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல கீழ இன்னும் எத்தனையோ அடுக்கு. எவன் இதைச் செஞ்சானோ, அவனே வந்து ரிப்பேர் பண்ணட்டும். நீங்க என்ன எழுதுறீங்க?"

"மன்னிப்புக் கடுதாசி."

"தப்பு உங்களுதா?"

"இல்ல."

"அப்போ எதுக்கு எழுதுறீங்க? உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

பிளாட்டினம் பேனாவை வைத்துவிட்டாள். தன் பொடி சுத்தம் என்பதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. அப்படியென்றால் ஆரஞ்சு பொடியிலிருந்து வரவில்லை, பொடியைப் பூசிய விதத்திலிருந்து வந்திருக்கிறது. இவ்வளவு எளிய கேள்வியைக் கேட்காமல் மன்னிப்பு எழுத உட்கார்ந்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை நேராக வெற்றிட அறைக்குப் போனாள். காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள், நிறம் காட்டாத வேறொரு பொருளோடு பொடியைக் கொஞ்சமாகச் சேர்த்து ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைக்கும் இடம் அது. அதை ஓட்டுபவருக்கு 'நிதானம்' என்று பெயர். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவசரப்பட்டதில்லை.

"அண்ணே, முந்தாநாள் என் பொடியை எவ்வளவு சேர்த்தீங்க?"

நிதானம் நிதானமாகப் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. முகம் சுண்டிப்போனது.

"மேடம்... நீங்க சொன்னது ரெண்டு சதவீதம். நான் இருபது போட்டிருக்கேன்."

இன்னொருத்தியாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, அதே தப்பை எனக்கு இன்னொரு தடவை பண்ணுங்க. கூடவே ரெண்டு, எட்டு, அப்புறம் வேற எதுவும் கலக்காம வெறும் பொடி மட்டும்."

"கிண்டல் பண்றீங்களா?"

"சத்தியமா இல்ல. என் மூலக்கூறு தட்டு மாதிரி தட்டையா இருக்கும். தள்ளித் தள்ளி இருந்தா நீலம். நெருங்கிப்போய் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக்கிட்டா நிறம் மாறும்னு நினைக்கிறேன். நாலையும் பார்த்தா தெரிஞ்சுடும்."

இரண்டு நாள் ஆயிற்று. நான்கு கண்ணாடிகளும் வரிசையாக மேசைக்கு வந்தன. இரண்டு சதவீதம் நீலம். இருபது ஆரஞ்சு. வெறும் பொடி செக்கச்சிவப்பு. ஆனால் அவர்கள் இருவரையும் மேசைமேல் குனிய வைத்தது எட்டு சதவீதம். நீலமும் ஆரஞ்சும் சரிபாதி கலந்து, பளிச்சென்ற வெள்ளை. ஒரே பொடி, ஒரே அடுக்கு.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம் அண்ணே" என்றாள். "வெள்ளை கிடைச்சா போதும். மேல நிற வடிகட்டி வச்சு எந்த நிறம் வேணுமோ எடுத்துக்கலாம். மூணு பொடி வேண்டாம், அத்தனை அடுக்கும் வேண்டாம்."

திங்கட்கிழமை இயக்குநர் நான்கையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சிவப்பு கலப்படம் இல்லைன்னு எப்படி நம்புறது? பொடி கூடக் கூடக் கலப்படமும் கூடும்ல?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பொடி மட்டுமே பூசிய இன்னொரு கண்ணாடித் துண்டை எடுத்துப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினாள். சிவப்பு. அதைக் கரைப்பான் இருந்த கிண்ணத்தில் போட்டு மெல்ல ஆட்டினாள். பூச்சு கரைந்து கண்ணாடி வெறுமையானது. கிண்ணத்தை விளக்கின் கீழ் நகர்த்தினாள்.

கிண்ணம் முழுக்க நீலம். தேடினாலும் சிவப்பு இல்லை.

"நெருக்கம் விலகிடுச்சு சார். அவ்வளவுதான். கலப்படமா இருந்தா கரைஞ்ச பிறகும் சிவப்பு இருக்கணுமே, எங்கே போச்சு?"

இயக்குநர் கிண்ணத்தை வாங்கி, தானே இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். அவர் பிடிவாதக்காரர், ஆனால் கண்ணால் பார்த்ததை மறுக்கிறவர் அல்ல.

"நீலம் மங்காம எவ்வளவு நேரம் தாங்குது?"

"நாற்பது நிமிஷம். வெள்ளை ஆறு மணி நேரம். ரெண்டும் பத்தாது, எனக்குத் தெரியும். ஆனா எங்கே பலவீனம்னு தெரியும், சரி பண்ண முடியும்."

"சரி. உள்ளங்கை அளவுக்கு ஒரு திரை செய்ங்க. நான் கேட்ட அந்த ஒரு பக்கம் எழுதியாச்சா?"

"அறிக்கை எழுதியிருக்கேன் சார்" என்று நீட்டினாள். முதல் வரியிலேயே இரண்டுக்குப் பதில் இருபது சேர்ந்த கதை இருந்தது. எட்டிப் பார்த்த நிதானம் பதறிப்போனார்.

"மேடம், என் மானத்தை அச்சுல ஏத்துறீங்களே!"

"பேரையும்தான் ஏத்தியிருக்கேன். கீழ பாருங்க, என் பேருக்குப் பக்கத்துலயே."

அவர் குனிந்து பார்த்தார். ஒருமுறை அல்ல, நான்கைந்து முறை. பிறகு வெற்றிட அறைக்குப் போய், மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து பெட்டியைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். ஐந்தாவது வாரம் அந்தக் குட்டித் திரையில் எல்லா நிறங்களும் வந்தன. இயக்குநர் பக்கத்து அறைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டிக்கொண்டிருந்தபோது பிளாட்டினம் அங்கே இல்லை. நீண்ட நாள் உழைக்கும் நீலத்துக்கான புதுப் பொடியை அவள் ஏற்கெனவே அடுப்பில் ஏற்றியிருந்தாள்.