ஐந்தாம் நாள் வீக்கம்

அம்மை கண்டு வாசல் நிலையில் வேப்பிலை ஏறிவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது. வெளியாள் உள்ளே வரக்கூடாது. தாளிக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, மருந்து என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. 1957-ஆம் வருஷம் பங்குனியில் வல்லத்திராக்கோட்டையில் நாலு வீட்டில் ஏற்கெனவே வேப்பிலை தொங்கியது. ஐந்தாவதாகக் குழந்தைசாமி வீட்டிலும் தொங்கியபோது தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

உள்ளே பாயில் கிடந்தவள் அவர் மகள் சொர்ணம். பதினேழு வயசுக்காரி. புதுக்கோட்டையில் கத்தி வைத்து மூக்கை நிமிர்த்திக்கொண்டு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

எட்டு வயசில், பால் குடிக்கும் கன்றை இழுக்கப்போனாள். தாய்ப்பசு தலையை ஒரு வீசு வீசியது. முறிந்த மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே ஒட்டிக்கொண்டது. “ஏன்டி, நீ அரிமளம் பாத்து நிக்கிறே, ஒம் மூக்கு ஆலங்குடி பாத்து நிக்குதே” என்று பள்ளிக்கூடத்தில் கேட்காத வாய் இல்லை. ஒன்பது வருஷம் கேட்டாள். பிறகு அப்பாவைத் தொந்தரவு செய்து, பட்டாளத்திலிருந்து திரும்பிவந்து நகரத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஆத்மநாதனிடம் போய் உட்கார்ந்தாள். சண்டையில் மூக்கும் தாடையும் சிதைந்தவர்களுக்கு ஒட்டுப்போட்டுப் பழகிய கை அவருடையது.

“அழகுக்கு வச்சாலும் கத்தி கத்திதாம்மா” என்றார் அவர். என்னென்ன கோளாறு வரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “இப்ப நீ திருப்பிச் சொல்லு. சொன்னாத்தான் கத்தியத் தொடுவேன்” என்றார்.

குழந்தைசாமி தொண்டையைச் செருமினார். “நான் சொல்றேனுங்க.”

“மூக்கு ஒங்களுதா?”

சொர்ணம் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். “ரத்தம் வரும். கண்ணுக்குக் கீழ கருத்துப்போவும். அதுக்குப் பயப்படக் கூடாது. நெனச்ச மாதிரி நேரா வராமயும் போவலாம். மூச்சடைப்பு தீராமயே இருந்துரலாம். மறுபடி ஒருக்கா கத்தி வைக்க வேண்டி வரலாம். ஆனா, ரெண்டு தொவாரமும் சேந்து அடைச்சு, விண்ணு விண்ணுன்னு தெறிச்சு, காச்சலும் அடிச்சா, நடுத்தண்டுல ரத்தம் கட்டிச் சீழ் புடிக்குதுன்னு அர்த்தம். விட்டா தண்டு கரைஞ்சு மூக்கு அப்படியே உக்காந்துரும். உசுருக்கே கூட வெனையாகலாம்.”

“அப்ப எப்ப வரணும்?”

“அன்னைக்கே.”

“ராத்திரியா இருந்தா?”

“ராத்திரியே.”

இப்போது ஐந்தாம் நாள் ராத்திரி. ரெண்டு துவாரமும் அடைத்திருந்தது. உள்ளே உலக்கை போடுவதுபோல் தெறித்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

சாயங்காலமே காய்ச்சல் தொடங்கிவிட்டது. முகம் துடைக்க வந்த அவள் ஆத்தா பிச்சையம்மாள், மூக்குக் கட்டைப் பிடித்திருந்த கன்னத்துப் பிளாஸ்திரி ஓரம் கிளம்பியிருந்ததைப் பார்த்தாள். அடியில் பொடிப் பொடியாகச் சிவந்த கொப்புளங்கள். அம்மைதான் என்று முடிவு கட்டினாள். மறு நிமிஷம் வேப்ப மரத்தடிக்கு ஓடினாள். மகள் அரற்றியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. “மூணு தண்ணி ஊத்தட்டும். அதுக்கப்பறம் ஒங்க டாக்டரப் பாக்கலாம்” என்று முடித்துவிட்டாள். அம்மை இறங்கித் தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றவே இன்னும் மூன்று நாள் இருந்தது.

பக்கத்தில் படுத்திருந்தவள் மதினி செவந்தி. அண்ணன் கொழும்பில் இருந்ததால் சொர்ணத்துக்குப் படுக்கைத் துணை அவள்தான்.

“மதினி, முழிச்சிருக்கீங்களா?”

“நீ மொனகுற மொனகல்ல மாடே முழிச்சிருக்கும். சொல்லு.”

“எனக்குப் பயமா இருக்கு. டாக்டரு சொன்னது அப்படியே வந்திருக்கு. ஆனா…” செவந்தி பக்கம் திரும்பிப் படுத்தாள். “ஆனா ஆத்தா சொல்றது நெசமா இருந்தா? அழகா இருக்கணும்னு நாந்தானே ஆசப்பட்டேன். இருக்குற மூக்கு போதாதான்னு மாரியாத்தாளுக்குக் கோவம் வந்திருச்சோ?”

“மாரியாத்தாளுக்கு ஒம் மூக்க விட்டா வேற சோலியில்லையாக்கும்” என்று எழுந்து, சிம்னி விளக்கின் திரியைத் தூண்டினாள் செவந்தி. “எங்க, மூஞ்சியக் காட்டு.”

விளக்கைக் கிட்டத்தில் பிடித்து ஒரு கன்னத்தைப் பார்த்தாள். மறு கன்னத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றுச் சேலையை விலக்கிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கன்னத்துக்கே வந்தாள்.

“என்னடி இது. கோடு கிழிச்ச மாதிரி நிக்குது. பிளாஸ்திரி போட்ட எடத்துல மட்டுந்தான் இருக்கு. அரை விரக்கடை அங்கிட்டு ஒண்ணக் காணோம்.”

சொர்ணம் விரலால் தடவிப் பார்த்தாள். ஆமாம். கொப்புளம் ஒரு நேர்கோட்டில் தொடங்கி ஒரு நேர்கோட்டில் முடிந்தது. பசை ஒத்துக்கொள்ளாமல் தோல் வெந்திருக்கிறது, அவ்வளவுதான். பயம் போகவில்லை. ஆனால் இத்தனை நேரம் ரெண்டாக இருந்த பயம் இப்போது ஒன்றாகிவிட்டது. சுவரைப் பிடித்து எழுந்து, ஆத்தா படுத்திருந்த வாசல் நடைக்குப் போனாள்.

“ஆத்தா, எந்திரி.”

பிச்சையம்மாள் பதறி எழுந்தாள். “படுடி, காத்துப்படக் கூடாது!”

“ஏன் ஆத்தா, மாரியாத்தா அடிமட்டம் வச்சா அம்மை போடுவா?”

“என்னடி பேசுற! கன்னத்துல போட்டுக்க!”

“கன்னத்துலதான் பாக்கச் சொல்றேன். சதுரமா இருக்கு பாரு. ஒடம்புல வேற எங்கயாச்சும் ஒண்ணு இருந்தாக் காட்டு. நாம் பேசாமப் படுத்துக்கிறேன்.”

பிச்சையம்மாள் பார்க்க மறுத்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். “ஒந் தம்பிய இப்படித்தான்டி வேப்பிலையத் தாண்டித் தூக்கிட்டுப் போனோம். திரும்பக் கொண்டாந்தோமா? ஒன்னையும் குடுக்கச் சொல்றியா?”

தம்பி அம்மையில் போனபோது சொர்ணத்துக்கு ஆறு வயசு. ஆத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவனுக்கு அம்மை மொதல்ல எங்க வந்துச்சு, ஆத்தா?”

பிச்சையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “மூஞ்சி, கையி. அப்பறம் உள்ளங்கால் பூராவும். காலு தரையில படாது புள்ளைக்கு.”

சொர்ணம் ரெண்டு காலையும் ஆத்தாவின் மடியில் நீட்டினாள்.

செவந்தி விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். பிச்சையம்மாள் மகளின் உள்ளங்காலைத் தடவினாள். விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அம்மை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கேயும் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். நிலையில் கட்டியிருந்த வேப்பிலையைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். “தாயே, தப்பா இருந்தா எந் தலையில போடு. புள்ளைய விட்ரு” என்று கும்பிட்டவள், அதே மூச்சில், திண்ணையிலிருந்து எழுந்து வந்து திகைத்து நின்ற புருஷனைப் பார்த்து, “என்ன மரமாட்டம் நிக்கிறீக? மாட்டப் பூட்டுங்க!” என்றாள்.

விடிகிற நேரத்தில் வண்டி நகரத்துக்குள் நுழைந்தது. பனியனோடு வந்து கதவைத் திறந்த ஆத்மநாதன் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மரத்துப்போகும் ஊசி போட்டு உள்ளே சின்னதாகக் கீறினார். கறுத்த ரத்தம் கட்டிகட்டியாக வந்தது, பின்னால் கொஞ்சம் சீழும். அந்த நிமிஷமே தெறிப்பு நின்றது. சொர்ணத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“தண்டு தப்பிச்சிருச்சு” என்றார் டாக்டர். “இன்னும் ஒரு பொழுது போயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. யார் கண்டுபுடிச்சது?”

“எம் மகதான்” என்றாள் பிச்சையம்மாள், டாக்டர் கேட்டு முடிப்பதற்குள்.

ஒரு வாரம் அங்கேயே இருந்து பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டார்கள். கட்டைப் பிரித்த அன்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: தண்டு நேராகிவிட்டது, ஆனால் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் நிற்கும், விரல் வைத்தால் தெரியும். சொர்ணம் கண்ணாடியில் முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் பார்த்த திசையையே அவள் மூக்கும் பார்த்தது. பள்ளத்தைத் தடவிக்கொண்டு, “இது இருந்துட்டுப் போவட்டும்” என்றாள்.

வண்டி ஊருக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். அம்மை கண்ட வீட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போன சேதி ஊர் பூராவும் பரவியிருந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். “ஏண்டி பிச்சையம்மா, மாரியாத்தா எறங்குறதுக்குள்ள கூட்டிட்டு ஓடுனியாமே!” என்று தூரத்திலிருந்தே கேட்டாள் எதிர்வீட்டு அழகம்மாள்.

பிச்சையம்மாள் வண்டியிலேயே எழுந்து நின்றுகொண்டாள். “அம்மையுமில்ல, கிம்மையுமில்ல! பிளாஸ்திரி அரிச்ச கொப்புளம்! பெத்த எனக்குத் தெரியல, எம் மக கண்டுபுடிச்சா. ஏ சொர்ணம், முக்காட்ட எடு. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்!”

சொர்ணம் முக்காட்டை எடுத்தாள்.